தாக்குதலுக்கு எதிரான பாதுகாப்பு ஆணை: இந்தியச் சட்ட வரலாறும் விண்ணப்பத்தின் மொழியும்

முன்னுரை

குடும்பத்திற்குள் நிகழும் தாக்குதலைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாக வீட்டுச் செய்தியாகவே கருதி வந்துள்ளது. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்னும் பழமொழி இக்கருத்தின் சுருக்கம். அடிபடுபவர் அணைப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். இந்நிலைக்கு மாறாக, “இனி அடிக்கக் கூடாது” என ஒரு நீதிமன்றம் எழுத்தில் ஆணையிடலாம் என்னும் நிலை இந்தியாவில் 2006ஆம் ஆண்டில்தான் முழுமையாக உருவானது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (43/2005) அந்த ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் வழங்கும் ‘பாதுகாப்பு ஆணை’ எவ்வாறு உருப்பெற்றது, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் எதை வழங்கத் தவறின, இன்று அதனைப் பெற விரும்பும் ஒரு பெண் எத்தகைய சொற்களால் விண்ணப்பிக்க வேண்டியுள்ளது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வரலாற்று முறையும் விளக்க முறையும் இதில் பின்பற்றப்பட்டுள்ளன. சட்டம், விதிகள், தீர்ப்புகள் ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. குடும்ப வழக்குகளைப் பேசும் கட்டுரை ஆதலின், அண்மைக்காலத் தீர்ப்புகள் வழக்காடிகளின் பெயரால் அன்றி, நீதிமன்றத்தாலும் ஆண்டாலும் சுட்டப்படுகின்றன.

தண்டனைச் சட்டமும் அதன் எல்லையும்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தாக்குதலை விரிவாகவே வரையறுத்தது. அதன் 351ஆம் பிரிவின்படி, உடலைத் தொடாமலேயே, அடிக்கப் போகிறார் என்னும் அச்சத்தை ஏற்படுத்தும் சைகையும் தாக்குதலாகும். காயம் விளைத்தலை 319 முதலான பிரிவுகள் வகைப்படுத்தின. இவற்றுள் எதுவும் கணவனுக்கு விலக்களிக்கவில்லை. எழுத்தளவில், மனைவியை அடிப்பது 1860 முதலே குற்றம்தான்.

நடைமுறை வேறாக இருந்தது. வீட்டில் பெரும்பாலும் நிகழ்வது 323ஆம் பிரிவில் அடங்கும் எளிய காயம். இது நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய இயலாத குற்ற வகையைச் சார்ந்தது. உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்திற்கு வந்த பெண்ணிடம் ‘சமாதானமாகப் போங்கள்’ என்று கூறித் திருப்பியனுப்புவதற்குச் சட்டத்தின் இவ்வகைப்பாடே ஒரு வாயிலைத் திறந்து வைத்தது எனலாம்.

இதனினும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. தண்டனைச் சட்டம் நிகழ்ந்துவிட்ட செயலைப் பற்றியே பேசுகிறது. அடிபட்ட பெண்ணின் உடனடித் தேவையோ இன்றிரவு அடி விழாதிருப்பது. எதிர்காலத்தை நோக்கிய ஏற்பாடாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இருந்தது. அமைதியைக் குலைக்கக் கூடியவரிடம் ஓராண்டுக்கு மிகாத காலத்திற்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்க அது இடமளித்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் இவ்வதிகாரம் நிர்வாக நடுவரிடம் இருந்தது. ஆயின், ஊர்ப் பூசல், நிலத் தகராறு போன்ற பொது அமைதி சார்ந்த நிகழ்வுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பிரிவு அது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே கூரையின்கீழ் உறங்கும் நிலைக்கு அது பொருந்தி வரவில்லை. யார் வீட்டில் இருப்பது, யார் வெளியேறுவது, குழந்தை யாரிடம், அடுத்த மாதச் செலவுக்கு என்ன வழி என்னும் வினாக்களுக்கு அதனிடம் விடையில்லை.

‘திரும்பிச் செல்க’ என்னும் ஆணை

நீதிமன்றம் குடும்பத்திற்குள் ஆணையிட்டதே இல்லை என்று கருதுதல் பிழை. ஆணையிட்டது, ஆனால் எதிர்த் திசையில். 1884இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தாதாஜி பிகாஜி என்பவர் தம் மனைவி ருக்மாபாய் மீது தொடுத்த வழக்கு இதற்குத் தக்க சான்று. பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்டு, கணவருடன் ஒருபோதும் வாழாத ருக்மாபாய், பின்னர் அவருடன் சென்று வாழ மறுத்தார். 1885இல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய்க்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது தள்ளப்பட்டு, 1887 மார்ச்சில், கணவருடன் சென்று வாழ வேண்டும், இன்றேல் ஆறு திங்கள் சிறை செல்ல வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிறை செல்ல அணியமாக இருப்பதாக ருக்மாபாய் அறிவித்தார். 1888இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அவர் பின்னாளில் மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றினார்.

அவ்வழக்கு தாக்குதலைப் பற்றியது அன்று. எனினும், மணவாழ்வு மீட்புரிமை என்னும் அக்கோட்பாடு, வீட்டைவிட்டு வெளியேறிய பெண்ணை வீட்டிற்கே திருப்பியனுப்பும் ஆற்றலை நீதிமன்றத்திற்கு அளித்தது என்பது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தன் 9ஆம் பிரிவில் இதனைத் தக்க வைத்துக்கொண்டது. 1983இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி.ஏ. சௌத்ரி, தென்னிந்தியத் திரைப்பட நடிகை ஒருவரின் வழக்கில், இப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 1984இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அக்கருத்தை ஏற்காமல் பிரிவைச் செல்லத்தக்கதாக்கியது. 

மணச் சட்டங்களில் தாக்குதல்

பெண் விலகி வாழ விரும்பினால் அதற்கான காரணங்களுள் ஒன்றாகத் தாக்குதலைச் சமயவழி மணச் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தின்கீழ், கிறித்தவ மனைவி மணமுறிவு பெறக் கொடுமை மட்டும் போதுமான காரணமாகவில்லை. கணவரின் பிறர்மனை நாட்டத்தோடு அது சேர்ந்திருக்க வேண்டும். இந்நிலை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணக் கலைப்புச் சட்டம், கணவன் மனைவியை ‘வழக்கமாகத் தாக்குதல்’ என்பதைக் கொடுமையின் முதல் வடிவமாகக் குறித்தது. 1946ஆம் ஆண்டின் இந்து மணமான பெண்கள் தனித்து வாழும் உரிமை மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டம், உடன் வாழ்தல் பாதுகாப்பற்றதாகும் அளவிற்குக் கொடுமை இருப்பின் தனித்து வாழ இசைந்தது.

இச்சட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இவை பெண்ணுக்கு வெளியேறும் வழியைக் காட்டின. வீட்டில் இருந்தவாறே பாதுகாப்புடன் வாழும் வழியைக் காட்டவில்லை. தாக்கியவர் வீட்டில் இருப்பார். தாக்கப்பட்டவர் வெளியேறுவார் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. மணத்தால் அன்றிக் குருதியுறவால் உடன் வாழும் பெண்கள் – தாய், மகள், உடன்பிறந்தாள் – இவற்றுள் எதிலும் அடங்கவில்லை.

1983 முதல் 2005 வரை

1970களின் இறுதியில் வரதட்சிணைச் சாவுகளுக்கு எதிராக எழுந்த பெண்கள் இயக்கத்தின் விளைவாக, 1983ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-அ பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமை, மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. வீட்டுக் கொடுமையை அரசு தனிக் குற்றமாக ஏற்ற முதல் நிலை இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகளாக இது தொடர்கிறது.

எனினும் கணவன் சிறை செல்ல வேண்டும் என விரும்பாது, அடி நிற்க வேண்டும் என்று மட்டும் விரும்பும் பெண்ணுக்கு 498-அ உதவவில்லை. இங்கிலாந்து 1976இலேயே குடிமை நீதிமன்றத்தின் தடையாணை வழியை வகுத்திருந்தது. இந்தியா 1993இல் பெண்களுக்கு எதிரான அனைத்துப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கைக்கு ஏற்பளித்தது. தொண்ணூறுகளில் இந்திரா ஜெய்சிங் முதலான வழக்கறிஞர்கள் இயங்கிய ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ அமைப்பு, குடிமைத் தீர்வை மையமாகக் கொண்ட வரைவு ஒன்றை உருவாக்கியது.

2002இல் அரசு நாடாளுமன்றத்தில் வைத்த முன்வரைவு இதனின்றும் பெரிதும் வேறுபட்டிருந்தது. அதன் இரு கூறுகள் கடும் எதிர்ப்புக்குள்ளாயின. ஒன்று, ‘வழக்கமாகத் தாக்குதல்’ என்னும் தொடர். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் இங்கு மீண்டும் தோன்றின. மணத்தைக் கலைப்பதற்கான காரணமாக இத்தொடரைக் கொள்வதற்கும், பாதுகாப்புப் பெறுவதற்கான தகுதியாகக் கொள்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஒரு முறை அடித்தால் போதாது. வழக்கமாக வேண்டும் என்றால், ‘வழக்கம்’ எத்தனையாவது அடியில் தொடங்குகிறது என்னும் வினா எழும். இரண்டு, தன்னையோ தன் உடைமையையோ காத்துக்கொள்ள எதிர்மனுதாரர் செய்த செயல் வன்முறையாகாது என்னும் விலக்கு. நாடாளுமன்ற நிலைக்குழு மாற்றங்களைப் பரிந்துரைத்தது. 2004இல் மக்களவை கலைக்கப்பட்டதால் முன்வரைவு காலாவதியானது.

2005 ஆகஸ்டில் நிறைவேறி, செப்டம்பர் 13ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற சட்டத்தில் ‘வழக்கமாக’ என்னும் சொல்லும் இல்லை, அவ்விலக்கும் இல்லை. ஒற்றைச் சொல்லின் நீக்கம் சட்டத்தின் திசையையே மாற்றியது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பாதுகாப்பு ஆணையின் அமைப்பு

சட்டத்தின் 3ஆம் பிரிவு வன்முறையை உடல்சார், பாலியல்சார், சொல் மற்றும் மனம்சார், பொருளியல்சார் என நால்வகையாகப் பகுக்கிறது. உடல்சார் வன்முறையின் விளக்கத்தில் தாக்குதல், குற்றமுறு மிரட்டல், குற்றமுறு வன்விசை ஆகியன வெளிப்படையாக இடம்பெறுகின்றன. 1860ஆம் ஆண்டின் சொற்கள் இங்குப் புதிய பயனுக்கு வருகின்றன. தண்டிப்பதற்காக அன்று, தடுப்பதற்காக. மணவுறவுக்குள்ளான பாலியல் கட்டாயம் தண்டனைச் சட்டத்தில் இன்றும் விலக்குப் பெற்றிருக்க, இச்சட்டம் அதனைப் பாலியல்சார் வன்முறையாகக் கொண்டு தீர்வு வழங்குவது குறிப்பிடத்தக்கது.

18ஆம் பிரிவே பாதுகாப்பு ஆணையின் இருப்பிடம். குடும்ப வன்முறை நிகழ்ந்துள்ளது அல்லது நிகழக்கூடும் என்று முதல் நோக்கில் நடுவர் நிறைவடைந்தால், எதிர்மனுதாரரைப் பின்வருவனவற்றிலிருந்து தடுக்கலாம்: வன்முறைச் செயல் எதையும் செய்தல், அதற்குத் துணைபோதல், பெண்ணின் பணியிடத்திலோ, குழந்தையின் பள்ளியிலோ, அவர் வழக்கமாகச் செல்லும் இடத்திலோ நுழைதல், நேரிலோ, கடிதம், தொலைபேசி, மின்வழியிலோ தொடர்புகொள்ள முயலுதல், சீதனம், கூட்டு வங்கிக் கணக்கு முதலான சொத்துகளைக் கைமாற்றுதல், பெண்ணைச் சார்ந்தோர்க்கும் அவருக்கு உதவுவோர்க்கும் வன்முறை இழைத்தல், ஆணையில் குறிக்கப்படும் பிற செயல்கள்.

‘நிகழக்கூடும்’ என்னும் சொல்லை ஆய்வாளர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அடி விழுந்த பின்னரே நீதிமன்றம் கண் திறக்கும் என்னும் பழைய நிலை இச்சொல்லால் மாறுகிறது. இலக்கண நோக்கில் கூறின், தண்டனைத் தீர்ப்பு இறந்தகால வினைமுற்றில் அமைவது; பாதுகாப்பு ஆணை எதிர்மறை ஏவலில் அமைவது. நம் இலக்கிய நினைவில் நீதி கேட்டு அரசவை ஏறிய பெண்ணின் உருவம் கண்ணகியுடையது. அவள் கேட்டது இழப்பு நேர்ந்த பின்னர் வந்த நீதி. இழப்பு நேருமுன் கேட்கும் உரிமையை அளிப்பதே இச்சட்டத்தின் புதுமை.

பாதுகாப்பு ஆணையுடன் இணைந்தே உறைவிட ஆணை (19), பொருளுதவி (20), குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு (21), இழப்பீடு (22) ஆகியவற்றையும் கோரலாம். உறைவிட ஆணையின் வழி, பகிர்ந்து வாழும் இல்லத்திலிருந்து எதிர்மனுதாரரையே வெளியேறுமாறு பணிக்க இயலும். ஆனால் பெண் ஒருவரை அவ்வாறு வெளியேற்ற இயலாது. 1887இன் ஆணையோடு இதனை ஒப்பிடுவோர்க்கு நூற்றாண்டுப் பயணம் விளங்கும். அன்று நீதிமன்றம் பெண்ணை நோக்கிச் ‘செல்க’ என்றது. இன்று தாக்கியவரை நோக்கி ‘வெளியேறுக’ எனக் கூற வல்லதாயிற்று.

ஆணை, பாதிக்கப்பட்டவரே விலக்கக் கோரும் வரை நடப்பில் இருக்கும் (25). சூழ்நிலை மாறியது என நிறைவடைந்தால் நடுவர் அதனைத் திருத்தவோ நீக்கவோ செய்யலாம். ஆணையை மீறுதல் ஓராண்டு வரை சிறைக்கோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதத்திற்கோ, இரண்டிற்குமோ உரிய குற்றம் (31). அக்குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது. பாதிக்கப்பட்டவரின் தனிச் சாட்சியத்தைக் கொண்டே மீறல் நிகழ்ந்ததாக நீதிமன்றம் முடிவு செய்யலாம் (32). ஆகவே இச்சட்டம் இரு நிலைகளைக் கொண்டது: முதல் நிலை குடிமைத் தீர்வு, மீறினால் குற்றவியல் நடவடிக்கை. 12ஆம் பிரிவு மனுவின் குடிமை இயல்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தி, எதிர்மனுதாரரைக் குற்றம் சாட்டப்பட்டவரைப் போல நடத்தலாகாது எனத் தெளிவுபடுத்தியது.

விண்ணப்பிக்கும் முறை

பாதிக்கப்பட்ட பெண்ணோ, பாதுகாப்பு அலுவலரோ, அவர் சார்பில் வேறு எவருமோ 12ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். மனைவி மட்டுமன்றி, திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண், தாய், மகள், உடன்பிறந்தாள், கணவனை இழந்து குடும்பத்துடன் வாழ்பவர் ஆகியோரும் இதற்கு உரியர்.

2006ஆம் ஆண்டின் விதிகள் ஐந்து முதன்மையான படிவங்களைத் தருகின்றன. முதற்படிவம் குடும்ப நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலரோ பதிவு பெற்ற சேவை அமைப்போ நிரப்புவது. இரண்டாவது, நடுவருக்கான விண்ணப்பம். மூன்றாவது, எதிர்மனுதாரரை அழைக்காமலேயே உடனடி இடைக்கால ஆணை கோரும்போது அளிக்க வேண்டிய பிரமாண வாக்குமூலம். நான்காவது, பெண்ணின் உரிமைகளைப் பட்டியலிடும் தகவல் படிவம். ஐந்தாவது, பாதுகாப்புத் திட்டம்.

பெண் நிலையாகவோ தற்காலிகமாகவோ வாழும் இடம், பணிபுரியும் இடம், எதிர்மனுதாரர் வாழும் அல்லது பணிபுரியும் இடம், வன்முறை நிகழ்ந்த இடம் ஆகியவற்றுள் எதன் நடுவரிடமும் மனு அளிக்கலாம் (27). தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பிரிவு பெரிதும் பயன் தருவது. தில்லியிலோ மும்பையிலோ தாக்குதலுக்குள்ளாகித் தாய்வீடு திரும்பிய பெண், தம் ஊர் நடுவரிடமே தம் மொழியில் முறையிடலாம். வன்முறை நிகழ்ந்த நகரத்திற்கு மீண்டும் செல்ல வேண்டியதில்லை.

மனு கிடைத்த நாளிலிருந்து வழக்கமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை அமைய வேண்டும். அறிவிப்பு இரண்டு நாட்களுக்குள் சேர்ப்பிக்கப்பட வேண்டும். முதல் விசாரணையிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடிவு காண நடுவர் முயல வேண்டும். அதற்கிடையே 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஆணை வழங்கலாம். ஆணையின் படிகள் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். மேல்முறையீடு முப்பது நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் செய்யப்படலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமான வரம்பின்றிப் பெண்கள் அனைவரும் இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியர். 181 என்னும் மகளிர் உதவி எண்ணும், 2015 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் முதல் தொடர்புக்குரிய வாயில்கள்.

சொல்லும் சான்றும்

தமிழாய்வாளர்க்கு உரிய சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நான்காம் படிவம் உடல்சார் வன்முறையை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. அடித்தல், அறைதல், கடித்தல், உதைத்தல், குத்துதல், தள்ளுதல் என வினை வினையாகப் பிரித்துரைக்கிறது. குடும்ப நிகழ்வு அறிக்கையோ ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள், இடம், நேரம், இழைத்தவர் ஆகியவற்றைக் கேட்கிறது.

ஆனால் நம் பேச்சு வழக்கில் பெண்கள் தாக்குதலை இவ்வாறு கூறுவதில்லை. ‘கை நீட்டிவிட்டார்’ என்பதே பெருவழக்கு. ‘கை வைத்தார்’, ‘கோபத்தில் ஒன்று போட்டார்’, ‘குடித்துவிட்டால் ஒரு மாதிரி’ என்பனவும் அவ்வாறே. இவை இடக்கரடக்கல் தன்மையுடையன. மானம் கருதியும் குடும்பப் பெயர் கருதியும் செயலை மறைத்துக் கூறும் இம்முறை, பண்பாட்டு நோக்கில் பொருளுடையது, நீதிமன்றத்தில் பொருளிழப்பது. ‘கை நீட்டினார்’ என மனுவில் எழுதப்பட்டால், அதனை எதிர்த்தரப்பு மிரட்டல் சைகை என்று சுருக்கலாம். வெறும் சொல்லாடல் என்று தள்ளலாம். ‘மார்ச் 12 இரவு ஒன்பது மணிக்குச் சமையலறையில் என் இடக் கன்னத்தில் இருமுறை அறைந்தார், சுவரில் தள்ளினார்’ என்பது போன்ற வாக்கியமே சான்றாகும். முன்னதைப் பின்னதாக்குவது மொழிபெயர்ப்புப் பணிதான். ஆயின் ஒரே மொழிக்குள் நிகழும் மொழிபெயர்ப்பு.

இப்பணியைச் செய்பவர் பாதுகாப்பு அலுவலர், வழக்கறிஞர், எழுத்தர் ஆகியோர். அவர் பெண்ணின் கூற்றைச் செவ்வையாகப் பதியாவிடின், ‘மனுதாரரை எதிர்மனுதாரர் உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் துன்புறுத்தினார்’ என்னும் வாய்பாட்டு வாக்கியம் மட்டுமே எஞ்சும். எல்லா மனுக்களிலும் ஒன்றாகவே இருக்கும் வாக்கியம், எந்தப் பெண்ணின் அனுபவத்தையும் காட்டாது. சொல் மற்றும் மனம்சார் வன்முறையில் இச்சிக்கல் மேலும் கூடும். ஆண் குழந்தை இல்லை என்பதற்காகவும் வரதட்சிணை கொண்டுவரவில்லை என்பதற்காகவும் இழிவுபடுத்துதலைப் படிவம் தனித்தனியே குறிக்கிறது. அங்குக் கூறப்பட்ட சொல்லே சான்று. அச்சொல்லை வட்டார வழக்கிலேயே பதிதல் வேண்டும். நாகரிகம் கருதித் திருத்துதல் சான்றைச் சிதைப்பதாகும்.

இது தமிழுலகிற்குப் புதிய கடமை அன்று. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை (1826–1889), சதர் அதாலத் நீதிமன்றத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் தமிழில் தந்தார். தீர்ப்பு எவர் வாழ்வைத் தொடுகிறதோ அவர் மொழியில் அது இருக்க வேண்டும் என்னும் உணர்வு அம்முயற்சியில் வெளிப்படுகிறது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய அவரைப் புதின வரலாற்றில் வைத்துப் போற்றும் நாம், சட்டத்தமிழ் வரலாற்றில் அவருக்குரிய இடத்தைப் போதிய அளவு ஆராயவில்லை.

தீர்ப்புகள்வழி விரிவு

சட்டம் நடைமுறைக்கு வந்த இரு திங்களுக்குள்ளாகவே, 2006 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ என்பதைக் கணவனுக்குச் சொந்தமானதோ அவன் வாடகைக்கு எடுத்ததோ கூட்டுக்குடும்பச் சொத்தோ ஆன வீடு எனக் குறுக்கியது. மாமியார் பெயரில் வீடு இருப்பின் மருமகளுக்கு அங்கு உறையும் உரிமை இல்லை என்றாயிற்று. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பை ஏற்க மறுத்து, வீடு எந்த உறவினரின் பெயரில் இருப்பினும் பெண் அங்கு நிலைத்து வாழ்ந்திருப்பின் உறைவிடப் பாதுகாப்பைக் கோரலாம் என்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் இக்குறுகிய விளக்கம் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தியது.

2010 அக்டோபரில், கோயம்புத்தூரில் தொடங்கிய வழக்கொன்றில், திருமணத்தை ஒத்த உறவுக்கான அளவுகோல்களை உச்ச நீதிமன்றம் வகுத்தது. அத்தீர்ப்பில் ‘வைப்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றதை அப்போதைய கூடுதல் தலைமை அரசு வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே கண்டித்தார். பெண்ணைக் காக்க வந்த சட்டத்தின் விளக்கத்தில் பெண்ணை இழிக்கும் சொல் நுழைந்தமை, சட்டமொழி பற்றிய கவலை வெற்றுக் கவலை அன்று என்பதைக் காட்டும்.

2012இல், சட்டம் வருமுன் நிகழ்ந்த வன்முறையையும் கருத்தில் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2016இல், எதிர்மனுதாரர் ‘வயதுவந்த ஆண்’ ஆக இருத்தல் வேண்டும் என்னும் வரையறையிலிருந்து அச்சொற்கள் நீக்கப்பட்டன. 2022 ஏப்ரலில், தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில், 12ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் காலவரம்பு பொருந்தாது என முடிவாயிற்று. அடுத்த திங்களில், குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லாமலும் நடுவர் ஆணை பிறப்பிக்கலாம் என்று தெளிவாக்கப்பட்டது. இவ்விறுதித் தீர்ப்பு, அலுவலரைக் காண இயலாத பெண்ணுக்கு நேரடி வழியை உறுதிப்படுத்தியது.

நடைமுறையில் உள்ள இடைவெளி

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), இந்தியாவில் மணமான 18–49 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். தமிழ்நாட்டில் இது 38.1 விழுக்காடு. கல்வியிலும் சமூகநலத் திட்டங்களிலும் முன்னிற்கும் மாநிலம் தேசியச் சராசரியை விஞ்சி நிற்பது ஆழ்ந்த ஆய்வுக்குரியது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே எவரிடமேனும் உதவி நாடினர் என்பது அதே ஆய்வு தரும் செய்தி. எஞ்சியோர் நீதிமன்றத்தை மட்டுமன்றி, எவரையுமே நாடவில்லை.

பாதுகாப்பு அலுவலர் பணி பல மாநிலங்களில் கூடுதல் பொறுப்பாகவே வழங்கப்பட்டு வந்தது. 2025 மே திங்களில் உச்ச நீதிமன்றம், மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரங்களுக்குள் நியமிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. சட்டம் பிறந்து இருபது ஆண்டுகள் ஆகியும் அதன் முதல் வாயிலில் ஆள் இல்லை என்பதற்கு இவ்வாணையே சான்று. அறுபது நாள் என்பதும் நடுவர் ‘முயல வேண்டும்’ என்னும் அளவிலேயே எழுதப்பட்டுள்ளது. மீறினால் விளைவு ஏதும் கூறப்படவில்லை.

தொகுப்புரை

• 1860 முதல் தாக்குதல் குற்றமாக இருந்தும், நிகழ்ந்ததைத் தண்டிக்கும் சட்டமே இருந்தது. நிகழவிருப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை.

• மணச் சட்டங்கள் பெண்ணுக்கு வெளியேறும் உரிமையை அளித்தன. 2005ஆம் ஆண்டுச் சட்டமே பாதுகாப்புடன் வீட்டிலேயே உறையும் உரிமையை அளித்தது.

• 1939இல் தோன்றி 2002 முன்வரைவில் மீண்ட ‘வழக்கமாகத் தாக்குதல்’ என்னும் தொடர் நீக்கப்பட்டமையால், ஒருமுறை நிகழ்ந்த தாக்குதலும் நிகழக்கூடிய தாக்குதலும் பாதுகாப்பு ஆணைக்குப் போதுமானவையாயின.

• தீர்ப்புகள் முதலில் சட்டத்தைக் குறுக்கி, 2012க்குப் பின் படிப்படியாக விரித்துள்ளன.

• விண்ணப்பத்தின் வலிமை, பெண்ணின் கூற்று செயல், நாள், இடம் ஆகியவற்றுடன் அவர் சொல்லிலேயே பதியப்படுவதைச் சார்ந்துள்ளது. இடக்கரடக்கல் வழக்குகளும் வாய்பாட்டு வாக்கியங்களும் அதனை நலிவுறச் செய்கின்றன.

வட்டார வழக்குகளையும் இடக்கரடக்கலையும் தொகுத்து ஆராயும் பயிற்சி தமிழ்த் துறைகளிடம் உண்டு. வன்முறையைக் குறிக்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து, படிவங்களின் தமிழாக்கத்தோடு ஒப்பிட்டுச் செம்மை செய்து, பாதுகாப்பு அலுவலர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணையங்களுக்கும் வழங்குதல் இத்துறைகளால் இயலக்கூடிய பணியாகும். தமிழகத்திற்கு வெளியிலுள்ள தமிழ்த் துறைகளுக்கு இது மேலும் பொருந்தும். பிறமொழி நீதிமன்றத்தின்முன் நிற்கும் தமிழ்ப் பெண்ணின் ‘கை நீட்டினார்’ என்னும் கூற்றை உரிய வினைச்சொல்லாக எடுத்துரைக்க, அங்கு அவருக்கு அண்மையில் இருப்போர் அத்துறைகளைச் சார்ந்தோரே ஆவர்.